அரைக் கிலோ போர்வை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவின் பெருமை ஒன்றைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் அதே மாதிரி இருக்க வேண்டும். ஏழாம் மாதம், மாடிப்படியில் ஓடாதே. ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும். போனில் நான் சரியாகவே பேசவில்லை என்று தம்பியிடம் குறைப்பட்டாயாமே, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், நான் எதைப் பேச? அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு எல்லாரும் விவசாயக் கண்காட்சிக்குப் போனோம். நான், அப்பா, தம்பி, அவன் பெண்டாட்டி, வாண்டு, அப்புறம் என் பூசணிக்காய். காரில் முன் ஸீட் பூசணிக்கு, அப்பா பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார். நாலு மாதம் கண்ணுக்குள் வைத்து வளர்த்த காய், சும்மாவா? தோல் கீறினால் எடைப் போட்டியில் சேர்க்கமாட்டார்கள், அதனால் மெத்தென்று ஒரு துணி தேடினேன், நீ கேட்டாயே என்று பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த உன் குழந்தைப் போர்வை, அந்த நீலம், அதுதான் கைக்கு வந்தது. கோபித்துக்கொள்ளாதே, இரண்டு முறை துவைத்துவிட்டேன். மூன்று வருடமாக முதல் பரிசு பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்குத்தான். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, பரவாயில்லையே, உங்களுக்கும் காய்க்குதே என்பார். எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, எதிலும் முதலில் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது, தையல் வகுப்பில் இரண்டாவது, கல்யாணம் பண்ணிக்கொண்ட இடத்திலும் உன் அப்பாவின் தராசுக்கு அடுத்துத்தான் நான். ஒரே ஒரு தடவை முதலில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதில் தப்பில்லையே.

எடை போடுகிற இடத்தில் இரண்டு பேர் போர்வையின் நாலு முனையைப் பிடித்துத் தூக்கி, போர்வையோடேயே தராசில் வைத்தார்கள். உன்னிடம் ஏன் பொய், நான் பார்த்தேன், மூச்சு விடவில்லை. முப்பத்தொரு கிலோ இருநூறு. பல் டாக்டர் காய் முப்பது கிலோ எண்ணூறு. நானூறு கிராம் எனக்கு அதிகம்! தம்பி கத்திய கத்தலில் பக்கத்துப் பட்டி ஆடெல்லாம் மிரண்டுபோயின. சிவப்பு ரிப்பனை எடுத்துக் காம்பில் கட்டப் போனார்கள். அப்போதுதான் உன் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். முப்பத்தெட்டு வருடம் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை வைத்தவர், ஓய்வு பெற்றதை வேலை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. துணியோட நிறுத்தது செல்லாது, துணியைக் கழிக்கணும் என்றார். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லும் பல் டாக்டர்கூட வாயைத் திறக்கவில்லை, என்னைக் கட்டியவர் திறந்தார். தராசை அதற்குள் ஆடுகளை நிறுக்கத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள், திரும்பி வர ஒரு மணி நேரமாகும். நடுவராக இருந்த மாட்டு டாக்டர், நீங்களே சொல்லுங்க சார், எவ்வளவு கழிக்கலாம் என்று கேட்டுவிட்டார். கேட்டால் போதாதா? போர்வையை மடித்து உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, அரைக் கிலோ, எழுதிக்குங்க என்றார். தராசு பொய் சொன்னாலும் இந்தக் கை சொல்லாது என்று ஒரு வசனம் வேறு. அவ்வளவுதான், நூறு கிராமில் போயிற்று. பல் டாக்டருக்குத் தோட்டத்துத் தள்ளுவண்டி, எனக்குப் பூவாளி. வருகிற வழியில் வாண்டு, ராட்டினம் சுற்றிய மயக்கத்தில், தாத்தாவின் செருப்பிலேயே வாந்தி எடுத்தது. நான் அதைத் திட்டவில்லை.

மறுநாள் காலையில் சமையலறைப் பக்கம் போனால், அப்பா என் சின்னத் தராசில் போர்வையை வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார். கதவோரமாக நின்று பார்த்தேன். மூன்று தடவை நிறுத்தார். பிறகு பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துத் தராசையே சோதித்தார். அப்புறம் போர்வையை இருந்தபடியே மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் எடுத்து நிறுத்தேன். முந்நூற்றைம்பது கிராம். கணக்குப் போட்டுப் பார், ஐம்பது கிராமில் முதல் பரிசு எனக்குத்தான். அன்றிலிருந்து காலையில் அவர்தான் டீ போடுகிறார், என் செடிக்கெல்லாம் தண்ணீர் விடுகிறார், வாயை மட்டும் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, அதை என் வீட்டிலேயே பார்க்கிறேன். டீ நன்றாகத்தான் இருந்தது, அதனால் நானும் ஒன்றும் சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காய்கறிக் கடையில் வழக்கம்போல உருளைக்கிழங்குப் பையை அவர் கையில் கொடுத்து எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். வாங்கிய வேகத்தில் கீழே வைத்துவிட்டு, தராசு இருக்கே, போட்டுப் பார்த்துக்கச் சொல்லு என்றார். பிறகு தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று, ஒரு காது கேட்கவில்லை, அந்தக் கை ஒன்றைத்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். பரிசு எனக்கு இன்னமும் வேண்டும்தான், பக்கத்து வீட்டில் அந்தத் தள்ளுவண்டி கிறீச்சிடும்போதெல்லாம் வேண்டும். ஆனால் இந்த மனிதரை இப்படிப் பார்த்துக்கொண்டு அது வேண்டாம்.

அதனால் உன் போர்வையைப் பார்சல் கட்டுகிறேன். கூடவே அந்தப் பூசணியின் விதைகளைக் காயவைத்து, தாளும் நூலும் இந்தக் கடிதமும் சேர்த்து, தராசு முள் அரைக் கிலோவில் நிற்கும்வரை ஸ்பூன் ஸ்பூனாகப் போடுகிறேன். நாளைக்குக் காலையில் அவர் கையில் வைத்து, அரைக் கிலோ இருக்குமாங்க என்று நானே எடுத்துக்கொடுப்பேன். அவர் ஆமாம் என்று சொல்லும்வரை நகரமாட்டேன். தபால் ஆபீஸ் தராசும் அதையே சொல்லும். எடையில் கள்ளம் பண்ணியவர்களை ஆயுசெல்லாம் பிடித்தவர், வீட்டில் இருப்பவளைப் பிடிக்கிறாரா பார்ப்போம்.

பார்சல் வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டு, அரைக் கிலோ இருந்ததுப்பா என்று சொல். பொய்யில்லை, தைரியமாகச் சொல்லலாம். விதையை வெயில் படுகிற இடமாகப் பார்த்துப் போடு. இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு. நல்லபடியாகப் பெற்றெடுத்து, தாயும் பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது, இன்னொரு தாள் வைத்தால் அரைக் கிலோ தாண்டிவிடும்.

இப்படிக்கு,
முதல் பரிசு வாங்கிய உன் அம்மா
(அப்பாவிடம் சொல்லாதே)