சித்தியின் டிரம்மும் என் வயிற்றெரிச்சலும்

கண்ணுக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் குளத்தில் மிஞ்சியிருக்கிற மீன்களும் நலம். அங்கே உன் உடம்பு எப்படியிருக்கிறது என்று அறிய ஆவல், உன் சித்தியிடம் போனில் என்னவெல்லாம் பேசுகிறாய் என்று அறிய அதைவிட ஆவல். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுதும் படி, நடுவில் தாவாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நம் குளத்துக்கும் சித்தி குளத்துக்கும் நடுவில் ஒரு கரைதான், உனக்கே தெரியும். ஒரே தண்ணீர், ஒரே நாளில் வாங்கி விட்ட கெண்டைக் குஞ்சுகள். அப்படியிருக்க அவள் மீன்கள் மட்டும் தளதளவென்று கொழுக்க, நம்முடையவை கல்யாணத்துக்கு அழைக்காத சொந்தக்காரர் மாதிரி முகம் வாடித் திரிந்தன. பொறுக்க முடியாமல் ஒருநாள் அவள் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். வரிசையாக நீல டிரம்கள். பக்கத்து டவுன் பீர் ஆலையில் சாறு வடித்தபின் கழித்துப் போடுகிற பார்லிச் சக்கையை வாங்கிவந்து, வெல்லப்பாகும் ஈஸ்டும் கலந்து, அமுக்கிப் புளிக்கவைத்துத் தீவனத்தில் சேர்க்கிறாளாம். புளித்தால்தான் உமி இளகி மீனுக்குச் செரிக்குமாம். யாரடி சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். நம்ம புள்ளதான் அக்கா, நல்லாயிருக்கணும் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் நான் இங்கே தவிட்டையும் புண்ணாக்கையும் வைத்துக்கொண்டு மாரடிக்கிறேன், நீ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஓரகத்திக்குப் பாடம் எடுக்கிறாய்! நீதானேம்மா என் வேலையைப் பற்றிப் பேசவே விடமாட்டாய் என்பாய். ஆமாம், பையன் பீர் ஆலையில் வேலை பார்க்கிறான் என்று தெருவில் எப்படிச் சொல்வது, ரொட்டி ஆலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன், இனியும் அப்படித்தான் சொல்வேன். அதற்காக எனக்குச் சொல்லாமல் இருப்பதா?

உன்னிடம் கேட்க மனசு வரவில்லை. அவளிடம் கேட்கத் தன்மானம் விடவில்லை. பார்த்ததை வைத்து நானே சக்கை வாங்கிவந்து ஒரு டிரம் போட்டேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான், சிரிக்காதே. மூடி போட்டால் காற்றே படக்கூடாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? தினமும் திறந்து மோந்து பார்ப்பேன், உடனே கரையைத் தாண்டி ஓடிப்போய் அவள் டிரம் பக்கத்தில் மூக்கை நீட்டுவேன், அவளுடையது பழம் கனிந்த மாதிரி மணக்கும், என்னுடையது ஈரத்துணி மாதிரி நாறும். மேலெல்லாம் பச்சைப் பூசணம். அதை வழித்துப் போட்டுவிட்டு, அடியில் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு சாயங்காலம் மொத்தத்தையும் குளத்தில் கொட்டினேன். அவள் மீனை ஒரே ராத்திரியில் எட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைப்பு.

ஒரு மீன்கூட வாய் வைக்கவில்லை. கிடந்து அழுகித் தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் குடித்துவிட்டது. விடியும்போது போய்ப் பார்த்தால் குளம் முழுக்க வாய்கள், அத்தனை கெண்டையும் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கிறது. ஓரமாகச் சில வயிறு வெளுத்து மிதந்தன. நான் போட்ட கூச்சலில் உன் சித்தியும் சித்தப்பாவும் தலைகூட வாராமல் ஓடிவந்தார்கள். அவர்கள் குளத்தில் தண்ணீரை அடித்துக் காற்று ஏற்றிக்கொண்டிருந்த மோட்டாரை அப்படியே கழற்றித் தூக்கிவந்து நம் குளத்தில் போட்டார்கள். உன் மீன் என்னடி ஆகும் என்றேன். அது தாங்கும் அக்கா, இது தாங்காது என்றாள். வெயில் ஏற ஏற மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அப்புறம்தான் என் டிரம்மைப் பார்த்துவிட்டு, தெனமும் தெறந்து பாத்தீங்களா என்று கேட்டாள். உங்கப்பா சும்மா இருப்பாரா, தெறந்தது மட்டுமா, ரெண்டு டிரம்முக்கும் நடுவுல ஓடி ஓடியே இளைச்சுட்டா என்றார்.

எனக்கு அழுகையாக வந்துவிட்டது. அந்த வேகத்தில், வாராவாரம் என் பிள்ளையிடம் அப்படி என்னடி பேச்சு என்று கேட்டேவிட்டேன். அவள் கரையில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: சக்கையப் பத்தி ஒரே நாள்ல சொல்லி முடிச்சுட்டான் அக்கா. அப்புறம் நான்தான் எதாவது சந்தேகம் உண்டாக்கிக் கேப்பேன். அவன் பேசுனா எங்க வீட்டுலயும் ஒரு புள்ள இருக்கற மாதிரி இருக்கும். உங்க வீட்டுல போன் அடிக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும் அக்கா. கண்ணு, இத்தனை நாளும் நான் ஒருத்திதான் எரிகிறேன் என்று நினைத்திருந்தேன். பொய் சொல்வானேன், கேட்டதும் முதலில் குளுகுளுவென்றுதான் இருந்தது. அப்புறம் சோறு இறங்கவில்லை.

புது டிரம் அவளே போட்டுத் தந்திருக்கிறாள். மூடிமேல் பெரிய கல்லை வைத்துவிட்டேன், அந்தப் பக்கமே போவதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், ஆலையில் ருசி பார்க்கிறேன் என்று ஆரம்பிக்காதே. நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. சித்தி கேட்பது பொய்ச் சந்தேகம் என்று தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, பொறுமையாகப் பதில் சொல், இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பேசு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் போன் எனக்கு. மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா