காலித் சாய்கிருஷ்ணா

கோந்த்வா, புனே
3.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு வைஜயந்தி எழுதுவது.

நதீமைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து மூன்று வருஷமாக என் போனை நீங்கள் எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன். போன செவ்வாய் எனக்குப் பையன் பிறந்தான். ஏழாம் மாதம்தான், ஒன்றே கால் கிலோ. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். காலித் என்று பெயர் வைத்திருக்கிறோம். அரபியில் ‘என்றும் இருப்பவன்’ என்று அர்த்தமாம். இங்கிலீஷில் எழுத, கடைசி டி-க்கு முன்னால் ஐ போடுவதா ஈ போடுவதா என்று நதீமுக்கும் என் மாமியாருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. நர்ஸ் அவன் கால் பட்டையில் ஹாலித் என்று எழுதியிருக்கிறாள். நீங்களும் அம்மாவும் ஒரு தடவை வந்து பாருங்கள்.

உங்கள்
வைஜயந்தி

நிக்டி, புனே
8.2.2025

வைஜயந்திக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். அந்தப் பெயர் என் காதில் ‘காலி’ என்றுதான் விழுகிறது. பிழைத்து வரவேண்டிய குழந்தைக்கு அப்படியா பெயர் வைப்பார்கள்? சாய்கிருஷ்ணா என்று வை. வைத்ததும் எழுது, வருகிறோம்.

சங்கரன்

கோந்த்வா
12.2.2025

அன்புள்ள அப்பா,

நதீமிடம் சொன்னேன். இரண்டு பெயரும் இருக்கட்டும், அவர்கள் வந்தால் போதும் என்றார். பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தில் காலித் சாய்கிருஷ்ணா என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். ரத்தத்தில் கிருமி என்கிறார் டாக்டர். நேற்று எங்களிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. நாள் பார்க்காமல் வாருங்கள்.

வைஜயந்தி

நிக்டி
17.2.2025

வைஜயந்திக்கு,

பின்னால் ஒட்டவைத்த பெயரை யார் கூப்பிடப் போகிறார்கள்? சாய்கிருஷ்ணா முதலில் வரவேண்டும். திருத்தி எழுதிக் கொடு. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.

சங்கரன்

கோந்த்வா
27.2.2025

அப்பா,

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவன் போய்விட்டான். பதினொரு மணிக்கு அம்மா மட்டும் ஆஸ்பத்திரி மாடிக்கு வந்தாள். துணியில் சுற்றியிருந்த அவனை என் மடியில் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா எங்கேம்மா?” என்று கேட்டேன்.

“கீழே ஆட்டோல ஒக்காந்திருக்கார்டி. பேரைத் திருத்தியாச்சான்னு கேட்டுண்டு வரச் சொன்னார்.”

நதீம்தான் இறங்கி வந்து உங்களிடம் விஷயத்தைச் சொன்னார். நீங்கள் அதே ஆட்டோவில் திரும்பிப் போய்விட்டீர்கள்.

மாலையில் அடக்கம். கபரஸ்தான் பதிவேட்டில் எழுதுகிறவர் பெயருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கேட்டார். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார் நதீம்.

அம்மா அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். நிக்டிக்கு வரமாட்டேன் என்கிறாள். அவளுடைய பிரஷர் மாத்திரையையும் நாலு புடவையையும் கூரியரில் அனுப்பிவையுங்கள். நீங்கள் கொண்டுவர வேண்டாம்.

வைஜயந்தி