மூடியிருந்த குழாய்

பொன்னி,

முதல் பஸ்ஸில் புத்தூர் போகிறேன், மெக்கானிக்கைக் கூட்டிவர. சோறு நானே வடித்தேன், குழைந்துவிட்டது. சாவி மாடத்தில்.

நம்மூர் ஆந்திராவா மதராஸா என்று முடிவாகிற வரை கரண்ட் வராது என்றுதான் நாயுடுபேட்டையில் தேடி அந்தச் சின்ன ஆயில் எஞ்சினைப் பிடித்தேன். விளக்கும் எரியும், தொட்டியிலிருந்து எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் சூடாகி உன் முழங்காலுக்கு வெந்நீரும் ஆகும் என்றேன். அதுவரை யோக்கியன்.

நேற்று உன் அண்ணன் எதிரில் எஞ்சின் சூடேறி இறுகி நின்றதும், "தொட்டித் தண்ணிய எடுத்துப் பாத்திரம் தேச்சிகினு இருந்தா வேற எப்படி ஓடும்?" என்று உன்மேல் பாய்ந்தேன். "நான் அந்தாண்டயே போவலயே" என்றாய். அவர் சிரித்தார். நீ உள்ளே போய்விட்டாய்.

காலையில் பார்த்தேன். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. எஞ்சினுக்குப் போகிற குழாய்தான் மூடியிருந்தது. மூடியவன் நான். தண்ணீர் ஓடாமல் நின்றால் சீக்கிரம் கொதிக்கும், மச்சானுக்கு ஆவி பறக்க ஊற்றிக் காட்டலாம் என்று நினைத்தேன். ஊரில் எவன் தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டாலும் பத்திரிகையில் கேலி எழுதுகிற என் காரியம் இது.

விறகடுப்பில் வெந்நீர் வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் காலுக்கு ஊற்றிக்கொள்.

தணிகாசலம்

கீழே இடம் கொஞ்சம் இருக்கிறது: அண்ணன் எழுந்ததும் இந்தச் சீட்டை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டு. நானே சொன்னால் பாதியை முழுங்கிவிடுவேன்.