முதற்பாதிக்கு ஒரு பந்து, மறுபாதிக்கு ஒரு பந்து

போன கிழமை அந்தப் பக்கம் கிடைத்துவிட்டது. யாரோ வீடு மாறும்போது நிறுத்து விற்ற பழைய பேப்பர்க் கட்டுக்குள், ஒரு மூலையைக் கறையான் தின்றிருக்க, மற்றப்படி முழுதாகக் கிடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்து இறுதி ஆட்டத்தில், எந்தப் பந்தால் விளையாடுவது என்று உருகுவேயும் ஆர்ஜென்டீனாவும் பிடுங்குப்பட்ட கதை. மிளகாய்ப் பை ஒட்டக் கட்டை அவிழ்த்த நான், கையில் பசையோடு அப்படியே நின்றேன். நீர் இதைத் தேடித் தேடியே போய்ச் சேர்ந்துவிட்டீர்.

இந்த முறை இத்தாலி வென்றது, மூன்றாம் தரம். எழுபதில் பிரேசில் மூன்றாம் தரம் வென்றபோது கிண்ணத்தை வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது புதுக் கிண்ணம். எத்தனை தரம் வென்றாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை உமக்கு நான் சொல்கிறேன், பாரும். உம்மிடம் கேட்டுத்தான் எனக்கே தெரியும்.

நீர் சுன்னாகம் ஸ்டேசனில் டிக்கெட் கொடுக்கிற மனிசன். நான் சாக்கு விரித்து வெங்காயம் விற்கத் தொடங்கிப் பலசரக்குக் கடை வைத்தவன். பழைய பேப்பர் எனக்குச் சாமான் கட்டுகிற பொருள். நீரோ மத்தியான ரயில் போன கையோடு வந்து அந்தக் கட்டுகளுக்கு முன்னால் குந்திவிடுவீர். பந்தாட்டம் பற்றிய பக்கம் ஒன்றை உருவினால் சும்மா கொண்டுபோக மாட்டீர். அதே அளவில் வேறொரு தாளை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த பிறகுதான் எடுப்பீர். “ஐசே, உமக்கு ஒரு பை குறையக்கூடாது,” என்பீர்.

இங்கிலாந்தில் களவு போன கிண்ணத்தை ஒரு நாய் கண்டுபிடித்ததாம், அது பேப்பரில் சுற்றிக் கிடந்ததாம் என்று வாசித்த அன்று நீர் சொன்னது நினைவிருக்கிறது. “நல்ல காலம் முதலாளி, அது உம்மடை கடைக்கு வரேல்லை. வந்திருந்தா பேப்பரை உருவி மிளகாய் கட்டியிருப்பீர்.”

கடைசியில் நான் செய்ததும் அதுதான். இரண்டு பந்துக் கதையைக் கண்டு, நாளைக்குத் தாளோடு வாறன் என்று சொல்லிப் போனீர். நீர் வருமுன்னமே அதைப் பையாக ஒட்டி விற்றுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு குருநகரில் ஆட்டம். நீர் மத்தியஸ்தர், நான் ஆட்டம் பார்க்க உம்மோடு வந்தவன். குருநகர்ப் பெடியளிடம் ஒரு பந்து, வடகரையில் இருந்து லொறியில் வந்தவர்களிடம் ஒரு பந்து.

“உங்கடை பந்து காத்துக் குடிச்சுப் பறக்குது.”

“உங்கடை என்ன, நனைஞ்ச பூசணிக்காய்.”

படகு தள்ளுகிற தடிகள் கைக்கு வரத் தொடங்கின. நீர் இரண்டு பந்தையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றீர். “உலகக் கிண்ணத்திலையே இந்தச் சண்டை நடந்தது. முதற்பாதி ஆர்ஜென்டீனாவின்ரை பந்து, மறுபாதி உருகுவேயின்ரை பந்து. அப்பிடியே விளையாடுங்கோ.”

“உது இப்ப கட்டின கதை,” என்றான் வடகரைக் கப்டன். “எழுத்திலை காட்டும்.”

நீர் என்னைப் பார்த்தீர். எழுத்து எந்த வீட்டு அடுப்புக்குள் போனதோ. நான் முன்னுக்கு வந்து, “ஓம், நானும் வாசிச்சனான்,” என்றேன். வாசிக்கவில்லை. ஆனால் வடகரை ஆட்கள் என்னிடம் சாமான் எடுக்கிறவர்கள். என் சொல் அவர்களிடம் செல்லும். தடிகள் கீழே போயின. குருநகர் தன் பந்தில் ஒரு கோல் போட்டது, வடகரை தன் பந்தில் ஒன்று போட்டது. ஒருவருக்கும் தோல்வி இல்லை.

ஆட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பினோம். இறங்கியதும் நீர் சொன்னீர். “ஐசே, நான் சொன்னது உண்மை. அதுக்கு உம்மடை பொய்யே சாட்சி?”

நன்றி சொல்வீர் என்று பார்த்திருந்த எனக்குக் கோபம் வந்தது. “ஆட்டம் நடந்ததல்லோ?”

“நடந்தது. அவங்கள் நம்பினது உம்மை. என்னை இல்லை.”

அதன்பிறகு பக்கத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் நீர் ஒரு கதையும் சொன்னதில்லை. அந்த ஒரு பக்கத்தையும் தேடாமல் விட்டதில்லை. மல்லிக்குள் கல்லைத் தடவியே கண்டுபிடிக்கிற வியாபாரி நான். இத்தனை வருடத்தில் உம்முடைய கதையில் ஒரு கல் அகப்படவில்லை. இன்றைக்கும் யாராவது கடையில் “வாசிச்சனீரே?” என்று கேட்டால், வாசித்திருந்தால் மட்டும்தான் ஓம் என்கிறேன். அது உம்மிடம் வாங்கியது.

நேற்றுப் பக்கத்தை உம்முடைய வீட்டுக்குக் கொண்டுபோனேன். உம்முடைய மனைவி, நீர் பந்தாட்டப் பக்கங்களை ஒட்டிவைத்த கொப்பியை எடுத்துவந்தார். “1930, இரண்டு பந்து” என்று உம் கையெழுத்தில் தலைப்பு. கீழே வெறும் தாள். அதை விட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் ஒட்டத் தொடங்கியிருக்கிறீர். நான் அவருக்கு முழுவதையும் உரத்து வாசித்தேன். ஆர்ஜென்டீனா தன் பந்தில் முன்னுக்கு நின்றதும், உருகுவே தன் பந்தில் திருப்பி வென்றதும் அதில் இருந்தது. பிறகு நானே பசை தடவி ஒட்டினேன்.

“இதுக்கு எவ்வளவு அண்ணை?” என்று கேட்டார்.

“அவர் வைச்ச விலைதான் தங்கச்சி.”

அவர் உள்ளே போய், அன்றைய பேப்பரில் இருந்து ஒரு தாளை உருவி வந்து நீட்டினார். மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். தாளுக்குத் தாள், அதே அளவில்.