ஒன்பது என்றால் என்ன

9, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். பெருமாநல்லூர் ரோடு முழுக்கச் சேறு. பனியன் கம்பெனிக்கு இருபது நிமிடம் லேட்.

வேலை: பெட்டி ஏற்றும் புரோகிராமைச் சுத்தம் செய்வது. எந்தப் பெட்டி லாரியில் ஏறலாம், எது நிற்க வேண்டும் என்று சொல்வது. நாலு வருடம் முன்னால் நானே எழுதியது. பெயரெல்லாம் t1, t2, x, xx. எனக்குப் புரிந்தால் போதும் என்ற திமிர். இப்போது எனக்கே புரியவில்லை.

t2 ஒன்பதாக இருந்தால் என்று ஒரு வரி. எதற்கு? நினைவில்லை. எடுத்துவிட்டு ஓட்டினேன். எல்லாம் வழக்கம்போல. அழித்துவிட்டேன். என்ன நிம்மதி!

வாங்க: குடை, மோர் மிளகாய், போன் சார்ஜர்.

11, புதன்
மழை இல்லை. புழுக்கம்.

காலை டீ நேரத்தில் செக்கிங் பிரிவு ஷாகிதா அக்கா: "நேத்து நாலாம் தையல் லைன்ல ஊசி ஒடஞ்சு முனை மட்டும் கெடைக்கவே இல்லீங்க. தரையெல்லாம் காந்தம் போட்டுப் பாத்தாச்சு. சிஸ்டத்துல ஒம்போதுன்னு போட்டுட்டனுங்க. பொட்டி நின்னுருமில்லீங்க?"

ஒன்பது.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லைன் பெட்டி நகரக் கூடாது. பிரித்து, ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் ஒவ்வொரு உருப்படியையும் மறுபடி விட வேண்டும். திங்களன்று நான் அழித்த t2 வரி அதற்குத்தான்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலாம் லைன். பிறந்த குழந்தைச் சட்டை. முப்பத்தாறு பெட்டி. விடிகாலையிலேயே தூத்துக்குடி லாரியில் ஏறிவிட்டது.

வரியைத் திரும்பப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. இப்படி நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். பாத்ரூமில் போய் நின்றேன். தங்கச்சி குழந்தையின் கழுத்துதான் கண்ணில் நின்றது. இரண்டு விரல் அகலம் இருக்குமா?

மதியம்: சொல்லிவிட்டேன். மேனேஜர் பழனிசாமி அண்ணன் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயம். டிரைவருக்குப் போன் போட்டார். "எங்கீங்க இருக்கறீங்க? மதுரையா? வண்டியத் திருப்புங்க. காரணமெல்லாம் வந்து பேசிக்கலாமுங்க."

சோறு இறங்கவில்லை.

12, வியாழன்
வெயில். முற்றத்தில் முப்பத்தாறு பெட்டியும் பிரித்துக் கிடக்கிறது. ஒவ்வொரு சட்டையும் மெஷினில் ஒரு முறை, திருப்பிப் போட்டு ஒரு முறை. நானும் நின்று எடுத்துக் கொடுத்தேன்.

இருபத்தொன்பதாவது பெட்டியில் மெஷின் கத்தியது.

கழுத்துப் பட்டித் தையலுக்குள். ஷாகிதா அக்கா பிரித்து எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அரை அரிசி அளவு. "யா அல்லா" என்றார், அவ்வளவுதான். நோட்டில் நானே டேப் போட்டு ஒட்டினேன்.

சாயங்காலம் அந்த வரியைத் திரும்ப எழுதினேன். t2 இல்லை, 'ஊசித்துண்டு கிடைக்கவில்லை' என்றே பெயர். எதற்காக என்று மேலே இரண்டு வரி. நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் வருகிறவருக்குப் புரிய வேண்டும்.

பழனிசாமி அண்ணன் பின்னால் நின்று படித்தார். "இது புரியுதுங்க அம்மிணி. இந்த மாதிரி அர்த்தம் தெரியாத நம்பரு உள்ள இன்னும் எத்தன இருக்குதுங்க?"

தேடினேன். நாற்பத்தொன்று.

நாளைக்கு இரண்டு லாரி கிளம்புகிறது. அதற்குள் ஒவ்வொரு நம்பரும் எதற்கு என்று ஷாகிதா அக்காவிடம் கேட்டு எழுத வேண்டும்.