நான் பார்த்த ஆள், நான் பார்த்த குலை

யூன் 10, செவ்வாய்

காலையிலேயே சோளகக் காற்று. கொடியில் போட்ட சட்டை இரண்டு வேலிக்கு அங்கால். நீர்வேலிக் கொட்டிலுக்குப் போய்ச் சேர எட்டேகால்.

பதினான்கு வாழைக்குலை வந்தது. முற்றினது பழுக்கவைக்கப் புகைக்குழிக்கு, முற்றாதது கறிக்கு. பார்த்துப் பிரிப்பது என் வேலை, ஆறு வருடமாக. இன்றைக்கும் ஒவ்வொன்றாய்த் தூக்கிக்கொண்டு செல்வம் அண்ணையிடம். கொட்டில் அவருடையது. "இது முற்றலோ அண்ணை?" ஐந்தாவது குலையில் அவருக்கு அலுத்துவிட்டது.

"பிள்ளை, உன்ரை கண்ணை நம்பித்தானே நான் இவ்வளவு நாளும் கதிரையிலை சும்மா இருந்தனான். உனக்கு என்ன நடந்தது?"

என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். எழுதினால் பாரம் குறையும் என்று கிளினிக்கில் கவுன்சிலிங் மிஸ் சொன்னார். சரி, எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன் எனக்குப் பேசின மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து பதினைந்து நாள் லீவில் வந்தார். விசா அலுவலுக்காக எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, மட்டும் முடித்தோம். தாலி அடுத்த ஆவணியில் வந்து கட்டுவதாகப் பேச்சு. ஆவணி வந்தது, ஆள் வரவில்லை. அங்கே அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம். அம்மா முதலே சொன்னார், "உந்தாள் கேட்டதுக்கு நேரை மறுமொழி சொல்லுறாரில்லை" என்று. எனக்கு ஆளைத் தெரியும் என்று வாதாடினது நான்தான். கழுத்தில் தாலி இல்லை. பதிவில் இன்னமும் அவர் மனைவி. விவாகரத்து வழக்கு இழுபடுகிறது.

எழுதியாயிற்று. ஒன்றும் குறையவில்லை.

யூன் 12, வியாழன்

ஞாயிறு துஷியைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். தங்கச்சிக்கு இருபத்தேழாகிறது. மாப்பிள்ளை மானிப்பாய், மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். தரகர் அவசரப்படுத்துகிறார், அவர்களுக்குக் கோப்பாயிலும் ஒரு இடம் இருக்கிறதாம்.

இன்று மற்றவர்களிடம் நான் கேட்டவை:
கறிக்கு உப்புக் காணுமோ (அம்மா)
குடை தேவையோ (பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒரு அன்ரி)
கதவு பூட்டினேனா (துஷி, இரண்டு தரம்)
நீலச் சட்டையா பச்சையா (துஷி)
குலைகள், எல்லாம் (செ. அண்ணை)

உப்புப் போட்டது நான். நாக்கும் என்னுடையதுதான்.

யூன் 15, ஞாயிறு

வந்து போய்விட்டார்கள். வடை மிச்சம். கால் உளைவு.

மாப்பிள்ளையின் தாய் பெரிய எடுப்பில் சொன்னார், "தம்பி சொந்தமாக் கராச் வைச்சிருக்கிறான்." அவர் உடனே, குரலை உயர்த்தாமல், "இல்லை அம்மா, அது முதலாளியின்ரை. நான் அங்கை சம்பளத்துக்கு நிக்கிறன்" என்றார். தாயின் முகம் கறுத்துப்போயிற்று. துஷி குனிந்து சிரித்ததைக் கண்டேன்.

எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அதுதான் பயம். நெஞ்சுக்குள் அதே இதம். எழுத்தன்று கையெழுத்து வைக்கும்போதும் இப்படித்தான் இருந்தது.

குசினிக்குள் துஷி பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, ஆள் எப்பிடி?"

"எனக்கு விளங்கேல்லை. அம்மாவைக் கேள்."

"உன்னைத்தானே கேக்கிறன்."

"தெரியாதெண்டா விடன்."

பிளேன்ரீக் கோப்பைகளைக் கழுவினேன். கழுவினதையே திரும்பவும் கழுவினேன்.

யூன் 17, செவ்வாய்

காற்று விடவில்லை. கண்ணெல்லாம் மண்.

தரகருக்கு அம்மா போன் எடுத்து, சாதகம் பெரிதாகப் பொருந்தவில்லை என்று சொன்னார். பொய். துஷிதான் வேண்டாம் என்றாளாம். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. ஏன் என்று துஷியைக் கேட்டேன்.

"நீதான் ஒண்டும் சொல்லேல்லையே. பிடிச்சா நீ உடனை ஓமெண்டு சொல்லுறனி. தெரியாதெண்டா ஏதோ கண்டிட்டாய். எனக்குச் சொல்ல உனக்கு மனமில்லை, அவ்வளவுதான்."

இந்த வீட்டில் இவள் இன்னமும் என் சொல்லைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் போயிற்று.

"இல்லையடி, எனக்கு அவரைப் பிடிச்சது."

"இப்ப என்னைத் தேத்துறதுக்குச் சொல்லாதை அக்கா."

அம்மா போனை மேசையில் வைத்துவிட்டார். இன்னொரு தரம் எடுங்கோ என்று சொல்லியிருக்கலாம். மிச்சத் தேங்காயைத் துருவினேன். எனக்குப் பிடித்தது என்பது ஒரு காரணமா? போன தரமும் அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

யூன் 18, புதன்

செ. அண்ணை பருத்தித்துறைக்கு, மகள் வீட்டுக்கு. கொட்டிலில் நான் மட்டும். பதினாறு குலை. போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. குலை கொண்டுவந்தவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

"தங்கச்சி, உதுகளைப் பாத்து முடிப்பியளோ, நான் போகவேணும்."

பார்த்தேன். காயின் விளிம்பு மழுங்கித் திரண்டதெல்லாம் ஒரு பக்கம். பதினொன்று குழிக்கு, ஐந்து கறிக்கு. அடுக்கி, மூடி, புகை போட்டேன். வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. எல்லாம் வெம்பிப்போகும்.

யூன் 20, வெள்ளி

குழி திறந்தோம். பதினொன்றும் பழம். ஒன்றுகூட வெம்பவில்லை. "பாத்தியே" என்றார் செ. அண்ணை.

சந்தோசம் வரவேண்டிய இடம். வரவில்லை. கண் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமையும் சரியாக இருந்திருக்கலாம். இதை நினைக்க நினைக்க அழுகைதான் வந்தது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்கு ஒரு சீப்புக் கொண்டுவந்தேன். தரகர் பேசினாராம், மானிப்பாய்ப் பெடியனுக்குக் கோப்பாயில் சரிவந்துவிட்டதாம். அம்மா சொல்லிக்கொண்டே உடுப்பு மடித்தார். துஷி பழம் உரித்தாள்.

"நல்ல பழம். ஆர் பாத்துப் போட்டது, செல்வம் அண்ணையோ?"

"இல்லை. நான்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அப்ப அண்டைக்கு, அவரைப் பிடிச்சதெண்டு சொன்னனி. அதுவும் மெய்யோ?"

ஓம் என்றேன். பாதிப் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.