அக்காவுக்கு நான் போட்ட சம்பளம்

மார்ச் 4, செவ்வாய்

குழாய்க்காரர் இன்றும் வரவில்லை.

என் அலுவலகத்துக்கு அக்காவின் கணவர், அத்தான் வந்தார், தன் தம்பிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. அவர்களுடைய அட்டைப்பெட்டித் தொழிற்சாலையை ஒரு பெரிய நிறுவனம் விலைக்குக் கேட்கிறதாம். ஒரு பங்குக்கு என்ன விலை சொல்வது என்று தெரியவில்லை. “ஊரான் கம்பெனிக்கெல்லாம் விலை போட்டுக் குடுக்குற, நமக்குப் போட மாட்டியா?” என்றார்.

விளக்கினேன். வட்டி, வரி, தேய்மானம் இவற்றைக் கழிக்கும் முன் தொழில் ஈட்டுகிற லாபத்தை எடுக்க வேண்டும். இதே தொழிலில் உள்ள மற்ற நிறுவனங்கள் அந்த லாபத்தைப் போல எத்தனை மடங்குக்கு விலைபோகின்றன என்று பார்த்து, அதனால் பெருக்கினால் முழு நிறுவனத்தின் மதிப்பு. அதில் கடனைக் கழித்து, கையிருப்பைக் கூட்டி, வருவதைப் பங்குகளால் வகுத்தால் ஒரு பங்கின் விலை. அட்டைப்பெட்டிக்கு இப்போது எட்டு மடங்கு.

“எட்டாம் வாய்ப்பாடு. இதுக்கா இவ்வளவு படிச்ச?” என்றார் கடைசித் தம்பி. எல்லோரும் சிரித்தோம்.

பங்குகள் அவர்கள் மூவர் பெயரில்தான். அக்கா பெயரில் ஒன்றுகூட இல்லை. பார்த்தேன். கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

தொழிற்சாலையின் செலவுக் கணக்கில் அக்காவுக்குச் சம்பளம் என்று எதுவுமே இல்லை. கல்யாணமான மறுவருடத்திலிருந்து தினமும் அங்கே போகிறாள். இதை இப்படியே விட முடியாது. நாளைக்கு அவள் வராவிட்டால் அந்த இடத்தில் உட்காருகிறவருக்கு என்ன கொடுக்க வேண்டுமோ அதை லாபத்திலிருந்து கழிக்க வேண்டும். அதுதான் முறை. அந்தச் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடினால் விலையில் எட்டு ரூபாய் குறையும்.

அவளையே போனில் கூப்பிட்டேன். “அக்கா, அங்க உன் வேலைன்னு என்னன்னு எழுதறது?”

“பெரிய வேலை. கணக்கு எழுதுறேன், அவ்வளவுதான். இரு...” யாரிடமோ, “அந்தப் பேப்பர் சுருள் ஈரமா இருக்கு, இறக்காதீங்க. அப்படியே திருப்பி அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்.” திரும்ப வந்தாள். “ம், சொல்லு.” மறுபடியும் போனாள். மெஷின்காரரிடம், பெரிய ஆர்டரை முதலில் ஓட்டச் சொன்னாள். பிறகு லாரி டிரைவர். ஐந்து நிமிடப் பேச்சில் என்னோடு பேசியது ஒரு நிமிடம் இருக்காது.

மார்ச் 8, சனி

குமாஸ்தா சம்பளம் என்று போட்டேன். அவள் வாயால் சொன்னதுதானே.

மார்ச் 16, ஞாயிறு

அத்தான் வீட்டில் சாப்பாடு. அவர்கள் எதிர்பார்த்ததைவிட விலை நன்றாகவே கூடியிருக்கிறது. “புதையலை வீட்டுலயே வச்சுக்கிட்டு வெளிய ஆள் தேடிட்டிருந்தோம்” என்றார் பெரிய தம்பி. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அப்படி என்னதான் கிழிக்கிறாள் என்று ஒரு காலத்தில் என்னைப் பற்றிக் கேட்டவர். என் முகம் மலர்ந்ததை நானே உணர்ந்தேன். சின்னக் குழந்தை மாதிரி.

அக்கா மட்டும், “அந்த அறிக்கையை எனக்கும் ஒருதரம் காட்டேன்” என்றாள்.

“அது உனக்குப் போரடிக்கும்க்கா.”

கல்லூரியில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள்.

ஏப்ரல் 9, புதன்

எழுதவே கை வரவில்லை.

வாங்குகிறவர்களின் அலுவலகத்தில் கூடினோம். அவர்களுடைய நிதி அதிகாரி விலைக்குச் சம்மதம் என்றார், ஒரு நிபந்தனையோடு. அக்கா மூன்று வருடம் வேலையில் தொடர வேண்டும். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டதாம், அவள் இல்லாமல் அங்கே ஒன்றும் நகராது என்று. அவளுக்கான வேலை ஒப்பந்தத்தை அவள் பக்கம் தள்ளினார். சம்பளம் என்ற இடத்தில் குமாஸ்தா சம்பளம்.

அக்கா இரண்டு முறை படித்தாள். “இது எங்கேருந்து வந்துச்சு?”

“உங்க அறிக்கையிலேயே இருக்குங்களே மேடம். பின்னிணைப்புல.”

“அது சும்மா கணக்குக்காகப் போட்டதும்மா” என்றார் அத்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: “பொதுவா இப்படித்தான் போடுறது.”

பொய். பச்சைப் பொய். பொதுவா அப்படிப் போடுறதே இல்ல.

ஏப்ரல் 10

அவளே சொன்னாள், அவளே சொன்னாள் என்கிறேன். ஈரச் சுருளைத் திருப்பி அனுப்பிய குரலை யார் கேட்டது? வேறு எந்த நிறுவனமாக இருந்தாலும் மேலாளர் சம்பளம் போட்டிருப்பேன், யோசிக்காமல். என் அக்கா என்பதால்தான் மலிவாகக் கிடைத்தாளா?

ஏப்ரல் 12, சனி

தொழிற்சாலைக்குப் போனேன். பசை வாடை. அக்கா நின்றபடியே விலைச்சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“நீ போன்ல கேட்டப்போ நான் என்ன சொன்னேன்?”

“கணக்கு எழுதுறேன்னு சொன்ன.”

“நான் அப்படித்தான்டி சொல்லுவேன். நீ அதை எழுதலாமா?”

திருத்தி அனுப்புகிறேன் என்றேன்.

“அனுப்பினா விலை இறங்கும். இவர் குதிப்பார்.”

“தெரியும்.”

“எனக்காக அனுப்பாத” என்றாள். “சரின்னு பட்டா அனுப்பு.”

ஏப்ரல் 15, செவ்வாய்

தொழிற்சாலை மேலாளருக்கான சம்பளத்தைப் போட்டு, முந்தையது என் தவறு என்று எழுதி, இரண்டு தரப்புக்கும் அனுப்பினேன்.

நிதி அதிகாரி உடனே பேசினார். “முதல்லயே இப்படிப் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்.” அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் அத்தானிடமிருந்து போன். “நீ யார் பக்கம்?”

“சரியான சம்பளம் அதுதான் அத்தான்.”

“அவ சம்பளம் ஒண்ணு ஏறினா எங்களுக்கு எட்டு போகுது. உன் எட்டாம் வாய்ப்பாடுதானே? உன்னை நம்பினேன் பாரு.” வைத்துவிட்டார்.

நியாயமான கோபம்தான். முதல் விலைக்கு ஆசை காட்டியதே நான்தானே.

மே 6

கையெழுத்தாகிவிட்டது. விலை இறங்கியது, அக்காவுக்கு மேலாளர் சம்பளம். தம்பிகள் அவளோடு பேசுவதில்லையாம். என்னோடும்தான்.

அக்காவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். என்ன சொல்வது? நான் ஏதோ அவளுக்கு நல்லது செய்தவள் மாதிரி ஆகிவிடும்.

மே 19

இன்றும் கூப்பிடவில்லை.

ஜூலை 3, வியாழன்

மத்தியானம் டீ குடிக்க இறங்கும்போது படிக்கட்டில் அக்கா. எங்கள் கட்டடத்தில், இரண்டாவது மாடியில். கையில் ஒரு கோப்பு. நாலாவது மாடியில்தான் என் அலுவலகம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

“இங்கே ஆடிட்டரைப் பார்க்க வந்தேன்” என்றாள். “சம்பளம் வருதில்ல, வரி எப்படிக் கட்டறதுன்னு கேட்கணும்.”

“என்னைக் கேட்டிருக்கலாமேக்கா.”

“கேட்டிருக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவள் ஆடிட்டர் அறைக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே கூப்பிடும்வரை எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள்.